தட்டோடு வந்த கேள்வி

கிறிஸ்துமஸ் காலையில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். பூவேலை செய்த துணியால் மூடிய தட்டுகள் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருக்கும். கேக், கல்கல், முறுக்கு, அதிரசம்! தீபாவளிக்கு அடுத்த வீட்டிலிருந்து வந்த லட்டுக்கும் தேன்குழலுக்கும் இது பதில் மரியாதை.

சில சமயம் தட்டை வாங்கிக்கொள்கிறவள் ஒரு கேள்வியும் கேட்டுவிடுவாள். "ஏன் அக்கா, பிள்ளை அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தானே, அப்பவும் நீங்க கலங்காம இருந்தீங்களே! அது எப்படி?"

அக்காவுக்குத் திக்கென்றாகிவிடுகிறது. தன் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது. கிறிஸ்தவர்கள் இதைச் 'சாட்சி சொல்வது' என்பார்கள். ஆனால் வாசற்படியில் நின்றுகொண்டு பிரசங்கமா செய்ய முடியும்? செய்தால்தான் யார் கேட்பார்கள்?

இந்தச் சங்கடத்துக்கு இதே சென்னையில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, ஓர் இளம் பெண் வழி காட்டியிருக்கிறாள். அவள் பெயர் கிருபாபாய்.

இன்று அகில்யாநகர் எனப்படும் மகாராஷ்டிரத்து அஹமத்நகரில் 1862-இல் பிறந்தவள். பெற்றோர் பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள். டாக்டராக வேண்டும் என்பது அவள் கனவு. பெண்களுக்குச் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு 1875-இல்தான் திறந்திருந்தது. 1878-இல் அவள் வந்து சேர்ந்தாள். தங்கியது சத்தியநாதன் போதகர் வீட்டில். ஆனால் ஒரே ஆண்டில் உடம்பு இடம் கொடுக்கவில்லை. படிப்பு நின்றது. கனவும் கலைந்தது.

1883-இல் அந்த வீட்டுப் பிள்ளை சாமுவேலையே மணந்தாள். மாமியார் அன்னா சத்தியநாதன் சாமானியப்பட்டவரல்ல. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கல்வி கற்பித்தவர்; நல்ல தாய் எப்படி இருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு நூலும் எழுதியவர். கிருபாபாயும் சும்மா இருக்கவில்லை. கணவருடன் உதகமண்டலத்தில் இருந்தபோது முஸ்லிம் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினாள்.

பிறகு பேனாவை எடுத்தாள். 1887, 1888-ஆம் ஆண்டுகளில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில், 'சகுணா' என்ற ஆங்கிலத் தொடர்கதை வெளிவந்தது. தொடர்கதைக்காக வாரா வாரம் காத்திருக்கும் நமக்கு அவள் எவ்வளவு நெருங்கியவள், பாருங்கள்! பெயர்தான் சகுணா, கதை பெரும்பாலும் அவளுடைய சொந்தக் கதை.

அதில் வேத விளக்கத்தை விட வீட்டுச் சங்கதிகளே முன்னால் நிற்கின்றன. சின்ன வயதில் மணமாகி மாமியார் வீட்டில் அம்மா பட்ட பாடு. கணவர் மதம் மாறியதும், மனம் ஒப்பாமல் அந்தப் பேதை தவித்த தவிப்பு. புதிய வாழ்வு அவளுக்குப் பழக எத்தனையோ நாள் பிடித்தது. பிறகு, படிக்க ஏங்கிய சிறுமி. அவளுக்குக் குருவாக இருந்த அண்ணன். அந்த அண்ணனின் அகால மரணம். வெள்ளைக்கார மிஷன் மாதர் சிலர் தங்களை ஏளனமாக நடத்தியதையும் அவள் மறைக்கவில்லை.

நம் மதத்தைப் பற்றிப் பிறருக்குச் சொல்லும்போது இதையெல்லாம் மூடி மறைப்பதுதானே உலக வழக்கம்? அவள் மறைக்காததால்தான் அவள் சொன்ன மற்றதையும் நம்பத் தோன்றுகிறது. அம்மாவின் கண்ணீரை உள்ளபடி எழுதியவள், அந்த வீட்டில் பிறகு வந்த அமைதியையா பொய்யாக எழுதியிருப்பாள்?

கிருபாபாயின் ஒரே குழந்தை சிசுவாகவே இறந்துபோயிற்று. அவளும் 1894-இல், முப்பத்திரண்டு வயதில், கண்ணை மூடினாள். மறு ஆண்டு 'சகுணா' புத்தகமாக வந்தது; பின்னர் தமிழிலும் பெயர்க்கப்பட்டது. மருத்துவப் பட்டம் பெறாமல் போன பெண், ஒரு கதையால் இன்றும் பேசப்படுகிறாள்.

இப்போது அம்பத்தூர் வாசற்படிக்குத் திரும்புவோம். கேள்வி கேட்டவள் தட்டோடு காத்திருக்கிறாள் அல்லவா? அக்கா என்ன சொல்லலாம்?

"கலங்கலைன்னு யாரம்மா சொன்னது? ராத்திரியெல்லாம் அழுதேன். ஜெபம் பண்ணக்கூட வாய் வரலே. 'சாமி, என் பிள்ளை'ன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன். விடியும்போது மனசு கொஞ்சம் நிதானப்பட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் அப்பவும் விடலே. எனக்குத்தான் தைரியம் வந்தது."

அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரியின் சாமியைக் குறை சொல்லவில்லை. அவளை எங்கும் வரச் சொல்லி இழுக்கவுமில்லை. தனக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவள் கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவேளை அவளும் தன் பிள்ளைக்காக மாரியம்மன் கோயிலில் நின்று அழுத கதையைச் சொல்லக்கூடும். அக்கா அதையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். மனம் விட்டுச் சொன்ன கதைக்கும் அதே மரியாதைதான்!