சுமையும் வண்டியும்

ஆனைமலைத் தோப்புகளில் பறிக்கப்படும் தேங்காய்கள் தாமே சந்தை சேர்வதில்லை. வண்டிகளே அவற்றைச் சுமந்து செல்கின்றன. குருதியில் கொலஸ்டிராலின் நிலையும் அதுவே. அது நீரில் கரையாத பொருள். ஆதலால் புரதமும் கொழுப்பும் இணைந்த நுண்துகள்கள் அதனைச் சுமந்து திரிகின்றன. இவை கொழுப்புப்புரதங்கள் எனப்படும். இவற்றுள் அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதமே ‘எல்.டி.எல்.’ ஆகும்.

எடையும் எண்ணிக்கையும்

ஒரு டெசிலிட்டர் குருதியில் எல்.டி.எல். சுமக்கும் கொலஸ்டிரால் எத்தனை மில்லிகிராம் என்பதையே வழக்கமான பரிசோதனை கூறுகிறது. அது சுமையின் எடை, வண்டிகளின் எண்ணிக்கையன்று. ஆறாயிரம் தேங்காய்களை ஒரு லாரியும் ஏற்றிச் செல்லலாம். பத்துச் சரக்கு ஆட்டோக்களும் ஏற்றிச் செல்லலாம். சுமை ஒன்றே, சாலையின் நெரிசல் வேறு. எல்.டி.எல். துகள்களிடையே உள்ள வேறுபாடு இத்துணைப் பெரிதன்று. எனினும், துகள்கள் சிறுத்தால் அதே அளவு கொலஸ்டிராலைச் சுமக்க மிகுதியான துகள்கள் தேவைப்படும்.

துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து அங்கே சிக்கிக்கொள்வதே நோயின் தொடக்கம். சிக்கியவை ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பால் நிறைந்து படிவமாகின்றன. படிவம் வெடிக்கும்போது குருதி உறைந்து மாரடைப்பு நேர்கிறது.

அளவா, எண்ணிக்கையா?

சிறிய, அடர்ந்த எல்.டி.எல். துகள்களை மிகுதியாக உடையவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என 1988இல் மெலிசா ஆஸ்டின், ரொனால்டு கிராஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே பெரிய துகள்கள் தீங்கற்றவை எனச் சிலர் கருதினர். அக்கருத்து நிலைக்கவில்லை. பரம்பரையாக எல்.டி.எல். மிகும் நோயில் துகள்கள் பெரும்பாலும் பெரியவையே. ஆயினும் இளமையிலேயே மாரடைப்பு நேர்கிறது. சிறியவை, பெரியவை ஆகிய இரண்டுமே தமனிச் சுவரின் தடிப்போடு தொடர்புடையவை என்பதை 2007இல் வெளியான, பல இனத்தவரிடையே நடந்த ஆய்வொன்றும் காட்டியது. எனவே, துகளின் சிறுமை ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கையே முதன்மையான காரணி.

நம் நாட்டு நிலை

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. அதன்படி எல்.டி.எல். மிகுந்தோர் 11.8 விழுக்காட்டினரே. ஆனால் டிரைகிளிசரைடு மிகுந்தோர் 29.5 விழுக்காட்டினர், நன்மை தரும் எச்.டி.எல். குறைந்தோர் 72.3 விழுக்காட்டினர். டிரைகிளிசரைடு மிக்க குருதியிலேதான் எல்.டி.எல். துகள்கள் சிறுக்கின்றன. ஆதலால், எல்.டி.எல். அளவு இயல்பாக இருப்பது மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது.

ஒவ்வொரு எல்.டி.எல். துகளிலும் ‘அப்போபுரதம் பி’ ஒன்றே உண்டு. அதனை அளந்தால் வண்டிகளை எண்ணியதாகும். இப்பரிசோதனை தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

தீட்டிய அரிசியையும் சர்க்கரையையும் குறைத்தல், நாள்தோறும் நடத்தல், உடல் எடையைக் காத்தல் ஆகியவை டிரைகிளிசரைடைத் தணிக்கும். தேங்காயில் கொலஸ்டிரால் இல்லை. எனினும் அதன் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பாதலால் அது எல்.டி.எல்.லை உயர்த்தும். தென்னை செழிக்கும் ஊரிலும் எண்ணெயை அளந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.