வேலையை விட்ட பிறகும் துரத்தும் ஒப்பந்தம்

சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது கத்தையாகக் காகிதங்களை நீட்டுவார்கள். நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன்தான். விலகும் நேரத்தில்தான் அந்த வரி கண்ணில் பட்டது: 'ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது.' இரண்டு நாள் தூக்கமில்லை. இதற்கு 'நான்-கம்பீட்' ஷரத்து என்று பெயர்.

பெரிய ஆட்களையும் இது விட்டதில்லை. மைக்ரோசாப்டின் துணைத் தலைவராக இருந்த கை-ஃபூ லீ, 2005 ஜூலையில் கூகுளின் சீனப் பிரிவுக்குத் தலைமை ஏற்கப் போனார். ஓராண்டுத் தடையைக் காட்டி மைக்ரோசாப்ட் வாஷிங்டன் மாநிலத்தில் வழக்குப் போட்டது. செப்டம்பரில் நீதிமன்றம், 'ஆள் எடுக்கலாம்; தேடுதல், பேச்சுத் தொழில்நுட்பம் போன்ற வேலைகளைத் தொடக்கூடாது' என்றது. டிசம்பரில் இரு நிறுவனங்களும் சமரசமாயின. கூகுளின் சொந்த மாநிலமான கலிஃபோர்னியாவிலோ இத்தகைய ஷரத்து பொதுவாகச் செல்லாது. ஒரே நாட்டுக்குள் இரண்டு சட்டம்!

நம் நாட்டில் என்ன நிலை?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27-ஐப் பாருங்கள். ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது. ஆகவே வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேருவதை, இந்த ஷரத்தை மட்டும் காட்டித் தடுப்பது கடினம். இதை அறிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் எல்லாமே செல்லாது என்று எண்ணிவிடாதீர்கள்.

* வேலையில் இருக்கும்போதே போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது என்ற தடை செல்லும்.
* குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற 'பாண்டு' வேறு விஷயம். 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
* நிறுவன ரகசியம் காக்கும் கடமை விலகிய பிறகும் தொடரும்.

கடைசி விஷயத்தில்தான் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆபீஸ் ஃபைல்களை பென் டிரைவில் கொண்டுவந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார்கள். வாடிக்கையாளர் பட்டியலோ சோர்ஸ் கோடோ அதில் இருந்தால், வழக்குக்கு அதுவே சாட்சி. சொந்த இமெயிலுக்கு அனுப்பினாலும் தடயம் நிற்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து வையுங்கள். சேரும் அன்றே படியுங்கள். நோட்டீஸ் வந்தால் பதறாமல் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.