வளாகத்தின் நூறு ஆண்டுகள்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் சாலையில், நகரை நெருங்கும்போது கோரிமேட்டில் ஜிப்மர் வளாகத்தைக் காணலாம். 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியே இதன் மூலம். 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று; 1964-இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்றது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால், தானே பட்டம் வழங்கும் தேசிய நிறுவனமாக உயர்ந்தது.

வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 195 ஏக்கர். மாணவரும் நோயாளரும் பெருகுவர், நிலம் பெருகாது. அப்படியானால் இத்தகைய வளாகத்துக்கு நெடுங்காலத் திட்டம் வகுப்பது எப்படி? எதை மாற்றுவது மிகக் கடினமோ அதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இதுவே அடிப்படை விதி.

தெரு நிலைக்கும், வீடு மாறும்

இதற்குச் சான்று புதுச்சேரி நகரிலேயே உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் அதன் நேர்கோட்டுத் தெருக்களைத் திட்டமிட்டனர். 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். பிரெஞ்சுக்காரர் மீண்டும் கட்டியபோதோ, பழைய தெருக்களின் போக்கையே பின்பற்றினர். மின்கம்பிகளைச் சில ஆண்டுகளில் மாற்றலாம்; கட்டடத்தையும் இடித்துக் கட்டலாம். சாலையும் வடிகாலும் ஒருமுறை அமைந்துவிட்டால் பல தலைமுறைகளுக்கு நிற்கும்.

வெயிலின் கணக்கு

அடுத்தது கட்டடம் பார்க்கும் திசை. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே 54½ பாகை உயரத்தில் இருக்கும். அப்போதும் 150 செ.மீ. உயரமுள்ள தெற்குச் சன்னலுக்கு நிழல் தர 107 செ.மீ. நீளமுள்ள சன்ஷேடு போதும். மேற்குச் சன்னலைப் பாருங்கள். மாலைச் சூரியன் 30 பாகை உயரத்தில் நேரெதிரே நின்றால் 260 செ.மீ. வேண்டும், 15 பாகைக்கு இறங்கினால் 560 செ.மீ. வேண்டும்! ஆகவே நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்ப்பதே நலம். 1930-களில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இம்முறையில் அமைந்ததே. திசை தவறிய வார்டில் படுத்திருக்கும் நோயாளி, அத்தவற்றை ஒவ்வொரு மாலையும் உடலால் உணர்வார்.

மேட்டில் பெய்யும் மழை

புதுச்சேரியில் ஆண்டுக்குச் சுமார் 130 செ.மீ. மழை பெய்கிறது. 195 ஏக்கர் என்பது 79 ஹெக்டேர். இரண்டையும் பெருக்கினால் அங்கு விழும் நீர் ஏறத்தாழ 100 கோடி லிட்டர்! மணற்பாங்கான திறந்த தரை இதில் பெரும்பகுதியை உறிஞ்சும். தாரும் கான்கிரீட்டும் பத்தில் எட்டு ஒன்பது பங்கை வழியவிடும். கோரிமேடு பெயருக்கேற்ப மேடு; அங்கிருந்து வழியும் நீர் தாழ்ந்த தெருக்களில் தேங்கும். புதுச்சேரி நகரம் குடிப்பதோ நிலத்தடி நீர். அதன் மட்டம் தாழ்ந்தால் கடலோரத்தில் உப்புநீர் உட்புகும்.

வெற்றிடம் வீணன்று

மருத்துவமனையை ஒருநாளும் மூட முடியாது. பழைய கட்டடம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியது எழ வேண்டும். இன்று காலியாகத் தோன்றும் நிலமே நாளைய அறுவைக்கூடம். அதுவரை மழையை உறிஞ்சும் பஞ்சு. எங்கே கட்டலாம் என்பதோடு எங்கே கட்டக்கூடாது என்பதையும் வரைபடத்தில் குறிப்பதே நல்ல திட்டம்.

உங்கள் பள்ளி அல்லது கல்லூரியின் படத்தை வரையுங்கள். நீண்ட சுவர்கள் எத்திசை நோக்குகின்றன, மழைநீர் எங்கே போகிறது என்று குறியுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் ஏப்ரல் 21, ஆகஸ்டு 21 ஆகிய நாட்களை ஒட்டி, நண்பகலில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். சூரியன் நேர் உச்சியில் நிற்கும். குச்சியின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும்.