இராசவள்ளி விதைக்கிழங்கைச் சட்டியிற் பேணல்

மார்கழி மழை ஓய்ந்து தை பிறக்கையில் இராசவள்ளிக் கொடியின் இலைகள் மஞ்சளாகி உதிரும். பின்னர் கொடியும் காயும். இது நோயன்று. கிழங்கு முற்றி உறக்கநிலை எய்தியமைக்கு இதுவே அடையாளம். காடுகளில் மரம்பற்றி ஏறும் வள்ளி இனங்கள், மழையற்ற மாதங்களைக் கடத்தும் பொருட்டே கிழங்கிற் சத்தைச் சேமிக்கின்றன. இவ்வுறக்கம் இரண்டு முதல் நான்கு மாதம் வரை நீடிக்கும். அதுவரை எவ்வளவு நீர் வார்ப்பினும் கிழங்கு முளையாது, அழுகவே செய்யும்.

குளிர்நாடுகளில் காட்டுக் கிழங்குச் செடிகளைச் சட்டியில் வளர்ப்போர், பனிக்காலத்தில் அவற்றை வீட்டினுள் வைத்து நீரை மட்டுப்படுத்துவர். யாழ்ப்பாணத்தில் உறைபனி இல்லை. இங்கே உறங்கும் கிழங்கிற்குப் பகை ஈரமும் கடும் வெயிலுமேயாம்.

நல்ல கிழங்கையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வெட்டுண்டதையும் பூச்சி பற்றியதையும் விதைக்கு ஒதுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவர்கள் அடுத்த போகத்திற்கான நோயையும் தாமே சேமித்து வைக்கின்றனர். கிண்டும்போதே பழுதற்ற கிழங்குகளைத் தெரிந்து விதைக்கெனப் பிரித்துவிடுதல் வேண்டும். கொடியோடு பொருந்தியிருந்த தலைப்பகுதி ஏனைய பகுதிகளினும் முந்தி முளைக்குமாதலால், அதனைக் காயப்படுத்தலாகாது. மண்வெட்டி பட்ட சிறு காயங்களிற் சாம்பல் தடவி, நிழலில் ஐந்தாறு நாள் வைத்தால் வெட்டுவாய் தோலிட்டு ஆறும். ஆறாத கிழங்கை உள்ளே வைத்தல் கூடாது.

அடியில் துளையுள்ள அகன்ற மண்சட்டியில் உலர்ந்த மணலைப் பரப்பி, கிழங்குகள் ஒன்றோடொன்று முட்டாதவாறு அடுக்கி, மேலும் மணலிட்டு மூடுக. கடல்மணலாயின் உப்பு நீங்க அலசிக் காயவைத்த பின்னரே பயன்படுத்தல் வேண்டும். கிழங்கு உறங்கும்போதும் சுவாசிக்கின்றது; ஆகையால் சட்டியின் வாயை இறுக மூடாது சாக்கினால் மட்டும் மூடுக. சட்டியைக் கற்களின்மேல் உயர்த்தி, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் வைக்கலாம். அடுப்படி ஏற்றதன்று. குளிர்சாதனப் பெட்டியும் ஆகாது. 12 பாகை செல்சியசிற்குக் குறைந்த குளிர் கிழங்கின் உட்சதையைக் கெடுக்கும்.

முற்றத்துச் சட்டியிலேயே கொடி வளர்ப்போர் கிழங்கைக் கிண்டவும் வேண்டியதில்லை. கொடி காய்ந்ததும் நீரை நிறுத்தி, சட்டியோடு மழை படாத இடத்திற்கு மாற்றினாற் போதும்.

இரு கிழமைக்கொருமுறை மணலை நீக்கிப் பார்த்தல் நன்று. மெதுத்ததும் நாற்றமுடையதும் உடனே அகற்றப்படல் வேண்டும். ஒன்றின் அழுகல் அயலிலுள்ளவற்றையும் பற்றும். பங்குனி, சித்திரையில் முளை காணும்போது மணலைச் சற்றே ஈரமாக்கலாம். நடுகைக்கு 150 முதல் 250 கிராம் வரையான துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் தோல் இருக்குமாறு வெட்டி, வெட்டுவாயிற் சாம்பல் பூசுக.

கரணைக்கிழங்கையும் இவ்வாறே பேணலாம். ஆயின் அதன் முளை நடுவிலுள்ள குருத்திலிருந்தே எழுவதால், வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் அக்குருத்தின் ஒரு பங்கு இருத்தல் வேண்டும்.