ஆப்பிள் காடி மிட்டாய்: உட்பொருள்களும் பயனும்

ஆப்பிள் சாறு இருமுறை புளித்துக் காடியாகிறது. முதலில் ஈஸ்ட், சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. பின்னர் ஒருவகைப் பாக்டீரியங்கள், பிராணவாயுவின் துணையால் அச்சாராயத்தை அசெடிக் அமிலமாக்குகின்றன. காடியின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் இவ்வமிலமே.

இக்காடியை உலர்த்திப் பொடியாக்கிச் சேர்த்த, ‘கம்மி’ எனப்படும் மென்மிட்டாய்கள் இன்று விற்பனையாகின்றன. சர்க்கரை, உறையச் செய்யும் பெக்டின், சிட்ரிக் அமிலம், நிறமும் மணமும் ஊட்டும் பொருள்கள், சில வைட்டமின்கள் ஆகியன பெரும்பாலும் இவற்றில் அடங்கும்.

இவற்றின் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 சதவீத அமிலமுள்ள காடி 15 மில்லிலிட்டரில், அதாவது ஒரு மேசைக்கரண்டியில், சுமார் 750 மில்லிகிராம் அசெடிக் அமிலம் உண்டு. மிட்டாய் ஒன்றில் 500 மில்லிகிராம் காடிப்பொடி இருந்து, அதில் அமிலம் 5 சதவீதமாயின், கிட்டுவது 25 மில்லிகிராமே. ஒரு கரண்டிக் காடிக்கு ஈடாக 30 மிட்டாய்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் 1 கிராம் சர்க்கரை இருப்பின், 30 கிராம் சர்க்கரையும் உடன் செல்லும்.

காடி உடல் எடையைக் குறைப்பதாக 2024-இல் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை, அதை வெளியிட்ட பிரிட்டிஷ் சஞ்சிகையே 2025-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அச்சோதனையும் திரவக் காடியைக் கொண்டு செய்யப்பட்டதே, மிட்டாயைக் கொண்டன்று.

ஆகவே வாங்குவோர் உறையில் அசெடிக் அமிலத்தின் அளவையும் சர்க்கரையின் அளவையும் தேடிப் பார்த்தல் நலம். எடையில் மிகுந்த உட்பொருளே பட்டியலில் முதலில் இடம்பெற வேண்டும் என்பது விதி. அவ்விடத்தில் சர்க்கரை நிற்குமாயின், கையிலிருப்பது மிட்டாயே, மருந்தன்று. மாணவர்க்கும் ஊராருக்கும் இக்கணக்கை எடுத்துரைத்தால், வீண் செலவு குறையும்.