உயர்திறன் விளையாட்டுக் கணினிக்கான பாகங்களைத் தெரிவு செய்தல்

உயர்திறன் விளையாட்டுக் கணினி என்பது, நிகழ்பட விளையாட்டுகளை மிகுந்த படத்தெளிவுடனும் வேகத்துடனும் இயக்குவதற்காகத் தனித்தனிப் பாகங்களை வாங்கிப் பொருத்தி உருவாக்கப்படும் மேசைக் கணினி ஆகும். செயலி, வரைகலை அட்டை, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, குளிர்விப்பான், பெட்டி, திரை ஆகியவை இதன் முதன்மையான பாகங்கள். இவை ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதால், ஒவ்வொன்றிலும் விலை கூடியதை வாங்குவது மட்டும் சிறந்த கணினியைத் தந்துவிடாது. ஒரு பாகம் பின்தங்கினால் மற்றவற்றுக்குச் செலவிட்ட பணம் பயனற்றுப் போகும். மின்வழங்கி போன்ற ஒன்று தரமற்றிருந்தால் மற்ற பாகங்களே பழுதாகலாம்.

திரையிலிருந்து தொடங்குதல்

பாகங்களைத் தெரிவு செய்யும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது திரை. கணினி எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் திரையின் இரண்டு பண்புகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது படப்புள்ளிகளின் எண்ணிக்கை. 1920×1080 திரையில் சுமார் 20.7 இலட்சம் புள்ளிகளும், 2560×1440 திரையில் சுமார் 36.9 இலட்சம் புள்ளிகளும், 4கே எனப்படும் 3840×2160 திரையில் சுமார் 82.9 இலட்சம் புள்ளிகளும் உள்ளன. அதாவது 4கே திரையில் ஒரு பிரேமை வரைய, 1080 திரையைப் போல் நான்கு மடங்கு புள்ளிகளை நிரப்ப வேண்டும்.

இரண்டாவது புதுப்பிப்பு வீதம். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு பிரேமை உருவாக்கக் கணினிக்கு 16.7 மில்லிநொடி கிடைக்கிறது. 144 ஹெர்ட்ஸில் இது 6.9 மில்லிநொடியாகவும், 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லிநொடியாகவும் சுருங்குகிறது.

1080 திரையும் 60 ஹெர்ட்ஸும் கொண்ட ஒருவர் மிக விலையுயர்ந்த வரைகலை அட்டையை வாங்கினால் அதன் திறனில் பெரும்பகுதி திரைக்கு வந்து சேராது. அதேபோல் இணைப்பு வடத்தையும் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 இணைப்பு 4கே படத்தை 60 ஹெர்ட்ஸ் அளவிலேயே முழுத் தரத்தில் தரும். 120 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.1 தேவை.

வரைகலை அட்டை

விளையாட்டுக் கணினியின் செலவில் பெரும்பங்கு வழக்கமாக வரைகலை அட்டைக்கே செல்கிறது. 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 அட்டையில் 32 கிகாபைட்டு நினைவகம் உள்ளது. அதன் மின்நுகர்வு 575 வாட். அதே தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 5080 அட்டையில் 16 கிகாபைட்டு நினைவகமும் 360 வாட் மின்நுகர்வும் உள்ளன. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 16 கிகாபைட்டு நினைவகத்துடன் இவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளது.

வரைகலை அட்டையின் நினைவகத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். விளையாட்டின் மேற்பரப்புப் படங்கள் அதில் இடம்பெறும். அது நிறைந்துவிட்டால் தரவு கணினியின் பொது நினைவகத்திலிருந்து மெதுவாக வந்து சேரும். சராசரி வேகம் நன்றாக இருந்தும் படம் திடீர்த் திடீரென நின்று நின்று ஓடும். 4கே விளையாட்டுக்கு 16 கிகாபைட்டுக்குக் குறையாத அட்டையைத் தெரிவு செய்வது பாதுகாப்பானது.

முன்பு எஸ்எல்ஐ, கிராஸ்ஃபயர் ஆகிய முறைகளில் இரண்டு அட்டைகளை இணைத்துப் பயன்படுத்துவது வழக்கில் இருந்தது. இப்போதைய விளையாட்டுகள் பெரும்பாலும் அதை ஆதரிப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை முதல் என்விடியாவின் விளையாட்டு அட்டைகளில் அதற்கான இணைப்பியே இல்லை. எனவே இரண்டு நடுத்தர அட்டைகளைவிட ஒரு நல்ல அட்டையே ஏற்றது.

செயலி

ஒவ்வொரு பிரேமிலும் கதைமாந்தர்களின் இயக்கம், மோதல்கள், எதிரிகளின் நடவடிக்கை முதலியவற்றைச் செயலி கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று வரைகலை அட்டைக்குக் கட்டளையிடுகிறது. திரையின் புள்ளிகள் கூடினால் வரைகலை அட்டையின் சுமை உயரும். செயலியின் வேலை பெரிதாக மாறாது. ஆகவே 4கே விளையாட்டில் வரைகலை அட்டையும், குறைந்த தெளிவில் மிகுந்த பிரேம் வேகத்தை நாடும் போட்டி விளையாட்டுகளில் செயலியும் முடிவான பங்கை வகிக்கின்றன.

எந்தப் பாகம் தடையாக உள்ளது என்பதை எளிதாகச் சோதிக்கலாம். விளையாட்டின் படத்தெளிவைக் குறைத்தால் பிரேம் வேகம் உயர்ந்தால், தடை வரைகலை அட்டையில் உள்ளது. குறைத்தும் வேகம் உயரவில்லை என்றால் தடை பெரும்பாலும் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது.

கருவகங்களின் எண்ணிக்கை கூடினால் விளையாட்டும் வேகமாகும் என்பது பொதுவான தவறான எண்ணம். செயலியின் உள்ளேயே அமைந்த இடைமாற்று நினைவகத்தின் அளவு பல விளையாட்டுகளில் கூடுதல் பலன் தருகிறது. 2022இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி, இடைமாற்று நினைவகத்தை அடுக்காகப் பொருத்தி, 8 கருவகங்களுடன் 96 மெகாபைட்டு மூன்றாம்நிலை இடைமாற்று நினைவகத்தைக் கொண்டிருந்தது. 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி அதே வழியைப் பின்பற்றுகிறது. 16 கருவகச் செயலிகள் நிகழ்படத் தொகுப்பு, முப்பரிமாண வரைவு போன்ற வேலைகளுக்குப் பயன்படும். விளையாட்டுக்கு மட்டும் என்றால் அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.

தாய்ப்பலகையும் நினைவகமும்

செயலியின் பொருத்துவாயே தாய்ப்பலகையைத் தீர்மானிக்கிறது. ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5 பொருத்துவாய் தேவை. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் எல்ஜிஏ1700 பொருத்துவாயில் அமையும். 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை மேசைக் கணினிச் செயலிகளுக்கு எல்ஜிஏ1851 வேண்டும். ஒரு பொருத்துவாய் எத்தனை ஆண்டுகள் தொடரும் என்பதும் பொருட்படுத்தத் தக்கது. 2017இல் ஏஎம்4 தாய்ப்பலகை வாங்கிய பலர், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்து, 2022இன் 5800எக்ஸ்3டி செயலியை அதே பலகையில் பொருத்த முடிந்தது.

பயாஸ் புதுப்பிப்பு நம்பகத்தன்மைக்கும் தேவை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில், மின்னழுத்தம் மிகுந்து நிலைத்தன்மை குலையும் சிக்கல் 2024இல் வெளிப்பட்டது. அதற்கான திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது. நிறுவனம் உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது.

டிடிஆர்4, டிடிஆர்5 நினைவகங்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஏஎம்5 கணினிகளுக்கு 6000 வேகமுள்ள இரண்டு 16 கிகாபைட்டு டிடிஆர்5 துண்டுகள் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. நான்கு துண்டுகளைச் செருகினால் நினைவகம் எட்டக்கூடிய வேகம் பெரும்பாலும் குறையும். ஆகவே 64 கிகாபைட்டு வேண்டுவோர் இரண்டு 32 கிகாபைட்டுத் துண்டுகளை வாங்குவது நல்லது. பொருத்திய பிறகு பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால் நினைவகம் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடாது.

சேமிப்பகம்

சாட்டா திடநிலை வட்டு நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டு வேகத்தில் படிக்கும். பிசிஐஇ 4.0 என்விஎம்இ வட்டு சுமார் 7000 மெகாபைட்டு வரை செல்லும். பிசிஐஇ 5.0 வட்டுகள் இதைவிட வேகமானவை என்றாலும், விளையாட்டு தொடங்கும் நேரத்தில் அந்த வேறுபாடு சிறிதே. அந்தப் பணத்தில் கூடுதல் கொள்ளளவு வாங்குவது பயன்மிக்கது. சில தாய்ப்பலகைகளில் கூடுதல் வட்டைச் செருகினால் வரைகலை அட்டைக்கான பாதைகள் 16இலிருந்து 8ஆகக் குறையும். இது பலகையின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

மின்வழங்கி

எஸ்எம்பிஎஸ் என்று பரவலாக அழைக்கப்படும் மின்வழங்கி, பிரேம் வேகத்தைக் கூட்டுவதில்லை. அதனால் செலவைக் குறைக்க விரும்புவோர் பெரும்பாலும் இதில்தான் கை வைக்கின்றனர். ஆனால் கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகவே செல்கிறது.

ஆர்டிஎக்ஸ் 5090 அட்டைக்கு 575 வாட், ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலிக்கு அதிகபட்சம் சுமார் 160 வாட், விசிறிகள், வட்டுகள் முதலியவற்றுக்கு 60 முதல் 80 வாட் எனக் கொண்டால் மொத்தம் 800 வாட்டைத் தொடும். இந்த அட்டைக்கு என்விடியா 1000 வாட் மின்வழங்கியைப் பரிந்துரைக்கிறது. மேலும், வரைகலை அட்டைகள் மிகக் குறுகிய கணங்களுக்குத் தம் சராசரியைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கக்கூடும். 2022இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 தரம் இத்தகைய திடீர் எழுச்சிகளைத் தாங்குவதற்கான வரையறைகளைக் கொண்டது.

80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் போன்ற முத்திரைகள் மின்சாரம் வீணாகாத அளவை மட்டுமே குறிக்கின்றன. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அவை உறுதி செய்வதில்லை.

புதிய அட்டைகளின் 16 முள் இணைப்பி 600 வாட் வரை கடத்தும். 12 வோல்ட்டில் இது 50 ஆம்பியர். இந்த மின்னோட்டம் 6 முட்களில் பகிரப்படுவதால், இணைப்பி முழுவதும் உள்ளே செல்லாவிட்டால் சில முட்கள் அளவுக்கு மீறிச் சூடாகும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகளில் இணைப்பிகள் உருகியதாகச் செய்திகள் வந்தன. 2023இல் இணைப்பியின் வடிவம் திருத்தப்பட்டது. எனினும், வடத்தை இறுதிவரை அழுத்திச் செருகுவதும், இணைப்பியை ஒட்டி வளைக்காதிருப்பதும் இன்றும் தேவை.

ஒரு நிறுவனத்தின் மின்வழங்கியுடன் வந்த கழற்றக்கூடிய வடங்களை மற்றொன்றில் பயன்படுத்தக் கூடாது. மின்வழங்கியின் பக்கம் உள்ள முட்களின் வரிசைக்குப் பொதுத் தரம் இல்லாததால், வடம் பொருந்தினாலும் வட்டும் பலகையும் கருகக்கூடும்.

மின்தடை உள்ள இடங்களில் யுபிஎஸ் திறனையும் கணக்கிட வேண்டும். வீடுகளில் காணப்படும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாகச் சுமார் 360 வாட் சுமையையே தாங்கும்.

குளிர்விப்பும் பெட்டியும்

விசிறியோ நீர்க்குளிர்விப்போ பாகத்தின் வெப்பத்தை அறைக் காற்றுக்கு மாற்றுகிறது; அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இவற்றால் இயலாது. அறையைவிட 45 பாகை கூடுதலாக இயங்கும் செயலி, 22 பாகை அறையில் 67 பாகையிலும் 38 பாகை அறையில் 83 பாகையிலும் இருக்கும். குளிர்நாடுகளில் எடுக்கப்பட்ட சோதனை முடிவுகளைத் தமிழகம், இலங்கை போன்ற வெப்பமான இடங்களுக்கு அப்படியே கொள்ள முடியாது. கணினி நுகரும் 800 வாட்டும் இறுதியில் வெப்பமாக அறைக்குள்ளேயே வந்து சேர்கிறது.

பெட்டியின் முன்பக்கம் கண்ணாடியால் மூடப்பட்டிருந்தால் காற்று உள்ளே வரத் தடையாகும். முன்புறம் வலைப்பின்னல் கொண்டு, முன்னிருந்து காற்றை இழுத்துப் பின்புறமும் மேற்புறமும் வெளியேற்றும் அமைப்பு ஏற்றது.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

- வரைகலை அட்டையின் நீளமும் தடிமனும் பெட்டியில் அடங்குமா? சில அட்டைகள் 330 மிமீக்கு மேல் நீளமுள்ளவை.
- செயலிக் குளிர்விப்பானின் உயரம் அல்லது நீர்க்குளிர்விப்பு ரேடியேட்டரின் அளவு பெட்டிக்குப் பொருந்துமா?
- தாய்ப்பலகையின் தற்போதைய பயாஸ் பதிப்பு அந்தச் செயலியை ஏற்குமா?
- மின்வழங்கியில் தேவையான இணைப்பிகள் உள்ளனவா?
- ஒவ்வொரு பாகத்துக்கும் வாங்கும் நாட்டிலேயே உத்தரவாதம் உண்டா?

பொருத்தி முடித்ததும் திரையின் வடத்தைத் தாய்ப்பலகையில் செருகாமல் வரைகலை அட்டையில் செருக வேண்டும். திரையின் புதுப்பிப்பு வீதத்தை இயங்குதளத்தில் உரிய அளவுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 240 ஹெர்ட்ஸ் திரையும் 60 ஹெர்ட்ஸிலேயே இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.