போல்ட்டுக்குள் புகும் ஹைட்ரஜன்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது சக்கர போல்ட்டில். பம்பர் புதிதாக மின்னும்போது அதன் கீழே துருவேறிய போல்ட் கண்ணை உறுத்தும். உடனே அதையும் கழற்றிக் குரோமியம் பூசக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பம்பருக்குச் செய்வதை அப்படியே போல்ட்டுக்கும் செய்யக் கூடாது. சக்கர போல்ட் முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

இதைப் பேசக் காரைக்குடி பொருத்தமான ஊர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்குதான் இருக்கிறது. 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். ஊரார் 'சிக்ரி' என்றழைக்கும் அந்த ஆய்வகத்தின் அடிப்படைத் துறைகளில் உலோகப் பூச்சும் துருத்தடுப்பும் உண்டு.

பூச்சு ஒட்டுவதும் உரிவதும் சுத்தத்தைப் பொறுத்தது. முதலில் கிரீஸ் போக வேண்டும்; அதற்குச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல். பிறகு போல்ட்டை நீரில் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கும் பிரியாமல் ஒரே படலமாக நின்றால் எண்ணெய் போய்விட்டது. துளித்துளியாகத் திரண்டால் மறுபடியும் கழுவ வேண்டும்.

சிக்கல் துருவில் தொடங்குகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவை மட்டும் தின்று நிற்பதில்லை. அடியிலுள்ள இரும்போடும் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். அதில் பெரும்பகுதி குமிழியாகப் போய்விட, ஒரு பகுதி தனித்தனி அணுவாக எஃகுக்குள் நுழைந்துவிடும். அமிலத்தில் ஊறிய இரும்பு எளிதில் ஒடிவதையும், ஒடிந்த முகத்தை ஈரமாக்கினால் குமிழி கிளம்புவதையும் டபிள்யூ. எச். ஜான்சன் 1875-லேயே லண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். சலவைச் சோடா நீரில் பேட்டரியின் எதிர்முனையைப் போல்ட்டில் இணைத்துத் துரு எடுக்கும் வீட்டு முறையிலும் இதே ஆபத்து இருக்கிறது. குரோமியத் தொட்டி இன்னும் மோசம்; பழைய முறைத் தொட்டிகளில் மின்சாரத்தின் பெரும்பகுதி ஹைட்ரஜனைக் கிளப்பவே செலவாகிறது.

எஃகு எவ்வளவு வலுவோ அவ்வளவு எளிதில் ஹைட்ரஜனால் ஒடியும். போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பார்கள். 10.9 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர் சுமார் 100 கிலோ இழுவிசையைத் தாங்கும் எஃகு. இந்த வகைதான் அதிகம் அஞ்ச வேண்டியது. முடுக்கும்போது எதுவும் தெரியாது. இறுக்கத்தில் நிற்க நிற்க, ஹைட்ரஜன் இழுவிசை மிகுந்த இடத்துக்கு நகர்ந்து சேரும்; பிறகுதான் போல்ட் முறியும். 2013 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தில் 96 நங்கூரக் கம்பிகளை முடுக்கிய சில நாட்களில் 32 முறிந்ததற்கும் ஹைட்ரஜன்தான் காரணம்.

பூசியே தீருவது என்றால், அமிலத்தைத் தவிர்த்து மணித்துகள் வீச்சாலோ கம்பித் தூரிகையாலோ துருவை எடுக்கச் சொல்லுங்கள். மின்சுத்தம் செய்தால் போல்ட் நேர்முனையில் இருக்கட்டும். மரையை மெழுகோ டேப்போ கொண்டு மூடித் தலைக்கு மட்டும் பூசுங்கள். மரையில் 10 மைக்ரான் ஏறினால் அதன் இடைவிட்டம் 40 மைக்ரான் கூடும். போல்ட் உள்ளே போகாது, போனாலும் முடுக்கும் அளவு பொய்யாகிவிடும். பூசி முடித்த 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். இந்த அடுப்பு இல்லாத பட்டறையில் போல்ட்டைக் கொடுக்காதீர்கள்.

என் தீர்ப்பு இன்னும் கண்டிப்பானது. 10.9 என்றோ அதற்கு மேலோ பொறித்த போல்ட்டையும், எந்த எண்ணும் இல்லாத பழைய போல்ட்டையும் பூசவே வேண்டாம். புதிய போல்ட்டை மாட்டி, அதன் தலைக்கு மேல் குரோமியம் பூசிய மூடியைக் கவிழ்த்துக்கொள்ளலாம்.